ரத்தத்துக்கு யார் கடைசி?

காரகோல் நகரில் பெகாயிம் பாடம் நடத்தும் அறைக்குள் முதல்முறை நுழைகிறவர்கள், தப்பான கதவைத் திறந்துவிட்டோமோ என்று தயங்கி நிற்பார்கள். கதவில் 'கணினி மாடலிங், சிமுலேஷன்: மூன்று மாதப் பயிற்சி' என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கும். உள்ளே கணினிகள் எல்லாம் அணைந்து கிடக்கும். ஒன்பது பேர் தரையில் வட்டம் போட்டு உட்கார்ந்து ஆட்டுக் கணுக்கால் எலும்பை உருட்டிக்கொண்டிருப்பார்கள்.

அந்த ஒன்பது பேரில் ஒருவர்கூட பெகாயிமைவிட இளையவர் இல்லை. பெகாயிமுக்கு இருபத்தொன்பது. மாணவர்களில் மூத்தவர் ரஹ்மான் பாய்க்கே, அதாவது ரஹ்மான் அண்ணன். வயது அறுபது; மினிபஸ் நிலையத்தில் எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று விசில் ஊதுகிறவர். முதல் நாளே எலும்பைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, விசில் ஊதும் அதே குரலில் கேட்டார்.

"என்னம்மா இது, எட்டு வயசுலயே இந்த சூக்கோ எலும்பாட்டத்துல எங்க தெருவுக்கு நான்தான் சாம்பியன். இதைக் கத்துக்கவா என்னை ஆபீஸ்ல அனுப்பிச்சாங்க?"

"சாம்பியன்னா ரொம்ப நல்லதாப் போச்சு பாய்க்கே. நூறு தடவை உருட்டுங்க. எந்தப் பக்கம் எத்தனை தடவை விழுதுன்னு எழுதிக்கிட்டே உருட்டுங்க."

"நாலு பக்கம். நாலுக்கும் இருபத்தஞ்சு இருபத்தஞ்சு. இதுக்கு எதுக்கு உருட்டணும்?"

"உருட்டுங்களேன்."

உருட்டினார். மேடான பக்கம் முப்பத்தெட்டு, குழிந்த பக்கம் முப்பத்தைந்து, ஒடுக்கமான இரண்டு பக்கங்களும் பதினைந்தும் பன்னிரண்டும். பாய்க்கே எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஐம்பது வருஷம் கழித்து அது தன்னை ஏமாற்றிவிட்டதைப் போல.

"பாத்தீங்களா? எலும்புக்குன்னு ஒரு குணம் இருக்கு" என்றாள் பெகாயிம். "அந்தக் குணத்தைக் கவனிச்சுத் தாள்ல எழுதிட்டா, அதுதான் மாடல். அப்புறம் எலும்பே இல்லாம உருட்டலாம், அது சிமுலேஷன். கம்ப்யூட்டர் செய்யிறது இவ்வளவுதான். நீங்க நூறு உருட்டுற நேரத்துல அது பத்து லட்சம் உருட்டும். ஆனா ஒண்ணு, நீங்க தாள்ல தப்பா எழுதிக் கொடுத்தா அந்தத் தப்பையும் பத்து லட்சம் தடவை சந்தோஷமா உருட்டும்."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவள் எல்லா வகுப்பிலும் சொல்வாள். யாருக்காகச் சொல்கிறோம் என்று அப்போது அவளுக்கே தெரியாது.

பெகாயிம் அக்-சூ பக்கத்துப் பெண். அப்பா லாரி ஓட்டினார். தலைநகர் பிஷ்கேக்கில் படித்து முடித்ததும் மலை உச்சியில் ஒரு தங்கச் சுரங்கத்தில் வேலை. அங்கே நான்கு வருஷம் லாரிகளுக்குச் சிமுலேஷன் எழுதினாள்: எத்தனை லாரி விட்டால் எது எங்கே காத்து நிற்கும், எந்த வளைவில் முட்டிக்கொள்ளும் என்று. சம்பளத்துக்குக் குறையில்லை, குளிருக்கும் குறையில்லை. ஒருநாள் இறங்கி வந்துவிட்டாள். ஏன் வந்தாய் என்று கேட்டால், "லாரிகிட்ட எவ்வளவு நல்லா விளக்கினாலும் அது தலையாட்டுறதில்ல" என்பாள்.

'ஒருவேளை', 'இருக்கலாம்' போன்ற வார்த்தைகளை அவள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. சித்திமார்கள் கூடும் விருந்தில் கல்யாணப் பேச்சை எடுத்தால், "அதையும் ஓட்டிப் பாத்துட்டேன் சித்தி, முப்பத்திரண்டுல நடக்கும், நாலு மாசம் முன்னப்பின்ன இருக்கும்" என்பாள். சித்திமார்களுக்கு அதற்கு மேல் என்ன கேட்பதென்று தெரியாது. ஒருத்தி மட்டும், "மாப்பிள்ளை பேரையும் அது சொல்லுமா?" என்று ரகசியமாகக் கேட்டாளாம்.

பயிற்சி நிலையத்தில் இந்த வகுப்பைப் பரீட்சார்த்தமாகத்தான் தொடங்கினார்கள். ஊரில் ஒரே ஓர் அலுவலகமாவது இந்த வகுப்பு சொன்ன விடையை எடுத்து உபயோகித்துக் கடிதம் கொடுத்தால், இலையுதிர் காலத்திலும் வகுப்பு உண்டு. இல்லாவிட்டால் அறை ஓட்டுநர் உரிம வகுப்புக்குப் போய்விடும். சுவரில் மாட்ட வேண்டிய போக்குவரத்துச் சின்னங்கள்கூட முன்கூட்டியே வந்து மூலையில் சாய்ந்து நின்றன. பெகாயிம் அவற்றின் மேல் தன் கோட்டை மாட்டி வைத்தாள்.

அலுவலகத்தைக் கொண்டுவந்தது வகுப்பில் படித்த சபிரா எஜே, அதாவது சபிரா அக்கா. ஊர் பாலிகிளினிக்கில் பதிவு ஜன்னலுக்குப் பின்னால் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருப்பவர். நகரத்தில் பாதிப் பேரின் பிறந்த தேதியும் மீதிப் பேரின் நோயும் அவருக்குத் தெரியும். கிளினிக்குக்குப் புதிதாக ஒரு நர்ஸ் பணியிடம் வந்திருந்தது. அதை ரத்தம் எடுக்கும் அறைக்குக் கொடுப்பதா, பிசியோதெரபிக்குக் கொடுப்பதா என்பதுதான் கேள்வி. ரத்த அறையில் ஒரே நர்ஸ். காலை எட்டு முதல் பதினொன்று வரை, ஆளுக்கு மூன்று நிமிஷம். தலைமை மருத்துவர் மாக்சுத் அகாய்க்கு, அதாவது மாக்சுத் ஐயாவுக்கு, பிசியோதெரபி மேல் ஆசை. சபிரா எஜேக்கு ரத்த அறை மேல் கவலை.

"மகளே, உன் எலும்பை உருட்டி நீயே சொல்லு" என்றார் எஜே.

வகுப்பே கிளம்பிப் போய் மூன்று காலைகள் அந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்தது. எத்தனை பேர் நிற்கிறார்கள், ஒருவர் வந்து எத்தனை நிமிஷத்தில் உள்ளே போகிறார், எல்லாம் குறித்தார்கள். பெகாயிம் மாடல் கட்டினாள். பத்தாயிரம் காலைகளை ஓட்டினாள். விடை வந்தது: தாழ்வாரத்தில் சராசரியாக ஐந்து பேர். காத்திருப்பு பதினைந்து நிமிஷம். இன்னொரு நர்ஸ் தேவையில்லை.

"பதினஞ்சு நிமிஷமா?" சபிரா எஜே கண்ணாடியைக் கழற்றினார். "எங்க கிளினிக்லயா? பதினஞ்சு நிமிஷத்துல எங்க ஜன்னலே திறக்காதேம்மா!"

"எஜே, இருபத்தாறு வருஷம் ஒரே இடத்துல உக்காந்தா எல்லாமே நீளமாத்தான் தெரியும். நாம நேர்ல எண்ணினோமா இல்லையா?"

"எண்ணினோம்தான். ஆனா ஜனங்க என்னைத் திட்டுறது பதினஞ்சு நிமிஷத் திட்டு மாதிரி இல்லையே. அது ஒண்ணரை மணி நேரத் திட்டுல்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். எஜேக்கும் தாம் சொல்வது சரி என்று தெரிந்ததே தவிர, எங்கே பிசகு என்று விரல் வைத்துக் காட்டத் தெரியவில்லை.

மாக்சுத் அகாய்க்கு விடை தேனாக இனித்தது. அவர் பேசினால் ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழே கையெழுத்துப் போடுவது போலிருக்கும். "அதாவது. விஞ்ஞானம். சொல்லிவிட்டது. வெள்ளிக்கிழமை. உத்தரவு போடுகிறேன். உங்கள் நிலையத்துக்கு. நன்றிக் கடிதம். அதுவும் போடுகிறேன்."

ஆக, கடிதம் வந்துவிடும். வகுப்பு பிழைத்துவிடும். திங்கட்கிழமை பெகாயிம் கடவுச்சீட்டைப் புதுப்பிக்க மக்கள் சேவை மையத்துக்குப் போனபோது சீட்டி அடித்துக்கொண்டே போனாள்.

உள்ளே நுழைந்ததும் கேட்டாள்: "யார் கடைசி?"

"நான்தான்" என்றார் ஒல்லியான ஒருவர்.

"அப்ப நான் உங்களுக்கு அப்புறம். இதோ வந்துடறேன்."

இடத்தைச் சொல்லி வைத்துவிட்டு வெளியே போய்விடுவது, பிறந்ததிலிருந்து எல்லோரும் செய்வதுதானே. நேரே அஷ்லியான்-ஃபூ சந்துக்குப் போனாள். குளிர்ந்த நூடுல்ஸ் ஒரு கிண்ணம், சுடச்சுட ஓர் உருளைக்கிழங்கு பிரோஷ்கி. காடிக் காரம் தூக்கலாக இருந்தது. இரண்டாவது கரண்டி வாய்க்குப் பாதி வழியில் போய்க்கொண்டிருந்தபோது கை அப்படியே நின்றுவிட்டது.

இப்போது நான் எங்கே இருக்கிறேன்?

வரிசையில். அங்கே ஜன்னலுக்கு எதிரே யாராவது நோட்டோடு உட்கார்ந்து எண்ணினால் மூன்று பேர்தான் இருப்பார்கள். அவள் அந்த மூன்றில் இல்லை. ஆனால் வரிசையில் இருக்கிறாள். முறை நெருங்கும்போது போய் நிற்பாள். நோட்டுக்காரர், "இதோ ஒருத்தி வந்தாள், ஐந்து நிமிஷத்தில் உள்ளே போய்விட்டாள்" என்று எழுதிக்கொள்வார்.

காரம் மூக்கில் ஏறி இருமல் பிய்த்தது. கிண்ணம் பரிமாறிய அம்மாள் ஓடி வந்தார். "என்ன மகளே, காரம் ஜாஸ்தியாயிடுச்சா?"

"காரம் சரியாத்தான் இருக்கு எஜே" என்றாள் பெகாயிம், கண்ணீர் வழிய. "நான்தான் ஒரு கழுதை."

"அதுக்கு ஏன் அழறே? டீ குடி, சரியாப் போயிடும்."

அன்று மதியம் வகுப்பில் கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். "நம்ம விடை தப்பு. தப்பு என்னோடது. சபிரா எஜே சொன்னப்ப நான் சிரிச்சேன். மன்னிச்சுக்கங்க எஜே."

ரஹ்மான் பாய்க்கே கேட்டார்: "வெள்ளிக்கிழமை கடிதம் வருதே. அதை வாங்கி வச்சுக்கிட்டு அப்புறமா சொன்னா என்ன?"

"அப்ப அந்த நர்ஸ் பிசியோதெரபிக்குப் போயிடுவாங்க பாய்க்கே."

"வகுப்பு நிக்குமேம்மா."

"தப்பான விடையைக் கொடுத்து நிக்க வைக்கிறதுக்கு, இந்த ரூம்ல வண்டி ஓட்டவே கத்துக்கொடுக்கட்டும்" என்றாள். மூலையில் சாய்ந்திருந்த 'நில்' சின்னம் அவள் முதுகுக்குப் பின்னால் ஆமாம் போட்டது.

சபிரா எஜே கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கோபப்படுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். "எலும்புக்குக் குணம் இருக்குன்னு அவ்வளவு பேசினியே, எங்க ஊர் ஜனங்களுக்குக் குணம் கிடையாதா?" என்று ஒரே ஒரு குத்துக் குத்திவிட்டு, "சரி, நாளைக்குக் காலைல எத்தனை மணிக்கு வரணும்?" என்றார்.

ஏழு மணிக்கு வந்தார்கள், செவ்வாயும் புதனும். இந்த முறை தலைகளை எண்ணவில்லை, குரல்களை எண்ணினார்கள். ரஹ்மான் பாய்க்கே கதவோரம் கண்ணை மூடி உட்கார்ந்தார். 'யார் கடைசி' என்ற சத்தம் காதில் விழும் ஒவ்வொரு தடவையும் மணியைப் பார்த்து ஒரு கோடு. முறை வந்து உள்ளே போகும்போது இன்னொரு கோடு.

அந்த இரண்டு காலைகளில் பாய்க்கே கேட்ட குரல்களை அவர் இப்போதும் நடித்துக் காட்டுவார். புதுப் பெண் முக்காட்டுக்குள்ளிருந்து கேட்பது: "...ய்ய்யார்... கடைசி...?" எறும்புக்குக் கேட்டால் உண்டு. எல்லைக் காவல் வீரன்: "யார் கடைசி!" தாழ்வாரமே எழுந்து நிற்கும். ஆசிரியை: "இங்க கடைசியா இருக்கிறது யாரு, கையைத் தூக்குங்க பாப்போம்." எண்பது வயதுக் கிழவர் தடியை ஊன்றிக்கொண்டு, "கடைசி யாரப்பா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் நேரே உள்ளே போவார், யாரும் மூச்சு விட மாட்டார்கள், பெரியவருக்கு முதலிடம்.

"இதையும் மாடல்ல போடணுமா?" என்றார் பாய்க்கே.

"போடணும். எழுபதுக்கு மேல நேரா முன்னாடி."

"அறுபதுன்னு போட்டா என்ன கெட்டுப் போகுது?"

"உங்களுக்காக ஊர் வழக்கத்தை மாத்த முடியாது பாய்க்கே. பத்து வருஷம் பொறுங்க."

வியாழக்கிழமை மறுபடி பத்தாயிரம் காலைகள் ஓடின. இப்போது மாடலுக்குள் இரண்டு இடங்கள் இருந்தன: தாழ்வாரம் ஒன்று, 'எங்கேயோ' என்று ஒன்று. ஏழு மணிக்கே ஜனம் வந்து இடம் பிடிக்கிறது, எங்கேயோ போய்விடுகிறது, முறைக்குப் பதினைந்து நிமிஷம் முன்னால் தாழ்வாரத்துக்குத் திரும்புகிறது. தாழ்வாரத்தில் எப்போதும் ஐந்து பேர்தான். ஆனால் சராசரிக் காத்திருப்பு எண்பத்தெட்டு நிமிஷம்.

"ஒண்ணரை மணி நேரத் திட்டு" என்றார் சபிரா எஜே அமைதியாக.

வெள்ளிக்கிழமை காலை எட்டேகால் மணிக்கு மாக்சுத் அகாய் முன்னால் உத்தரவு இருந்தது, கையில் பேனா இருந்தது. பெகாயிம் சொன்னதைக் கேட்டு முடித்தார்.

"அதாவது. போன வாரம். தேவையில்லை என்றீர்கள். இந்த வாரம். தேவை என்கிறீர்கள். அடுத்த வாரம். என்ன சொல்வீர்கள்?"

"அடுத்த வாரமும் இதைத்தான் சொல்லுவேன் அகாய்."

"நான். தினமும். அந்தத் தாழ்வாரத்தில் நடக்கிறேன். அங்கே. ஆள் இல்லை."

பெகாயிம் ஒரு தாளை எடுத்து, அவர் பார்க்கவே எழுதினாள். 'வெள்ளி, காலை 8.20. வரிசையில் 31 பேர். இருபத்தேழுக்குக் குறையாது, முப்பத்தைந்தைத் தாண்டாது.' தாளை அவர் மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

"வாங்க, எண்ணிடலாம். இந்த எண்ணிக்கை தப்பாப் போச்சுன்னா உத்தரவுல கையெழுத்துப் போடுங்க. எங்க நிலையத்துக்கும் எழுதுங்க, இந்த வகுப்பு உதவாதுன்னு."

சபிரா எஜே பின்னாலிருந்து அவள் கோட்டைப் பிடித்து இழுத்தார். இழுத்து என்ன பயன், சொல்லியாகிவிட்டது.

தாழ்வாரத்தில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாக்சுத் அகாய் ஒவ்வொருவராக விரல் நீட்டி எண்ணினார். "ஆறு" என்றார். அந்த ஆறுக்கும் கீழே கையெழுத்து விழுந்தது.

பெகாயிம் நேரே போய் முற்றத்துப் பக்கத்து ஜன்னலை அகலத் திறந்தாள். வெளியே மே மாத வெயில், பாப்ளார் மரங்கள், நிறுத்திய கார்கள். அப்பாவின் லாரி எஞ்சினுக்கு மேலே கத்திப் பழகிய குரல் அது.

"ரத்தத்துக்கு யார் கடைசி?"

ஒரு பழைய ஆடி காரின் கண்ணாடி இறங்கியது. "நான்தான்! ஏன், ஊசி தீந்துபோச்சா?"

"நீங்க யாருக்கு அப்புறம்?"

"அந்தப் பச்சை முக்காடு அக்காவுக்கு!"

பச்சை முக்காட்டுக்காரி வெயில் பெஞ்சிலிருந்து எழுந்தாள். "நான் வெள்ளைத் தொப்பிக்காரருக்கு அப்புறம்!"

"வெள்ளைத் தொப்பி எங்க?"

"மருந்துக்கடைல!" என்றது மரத்தடியிலிருந்து வேறொரு குரல். "அவர் எனக்கு அப்புறம், நான் இந்த ரெண்டு பொண்ணுங்களுக்கு அப்புறம், இவங்க மாணவிங்க, ஒரே ஆளா எண்ணிடாதீங்க!"

வரிசையில் ஒருவருக்கும் முழு வரிசை தெரியாது. தனக்கு முன்னால் இருக்கும் ஒரே ஓர் ஆளைத்தான் தெரியும். அந்த ஒரு நூலைப் பிடித்து இழுக்க இழுக்கச் சேலை முழுக்க வந்துகொண்டே இருந்தது. காருக்குள்ளிருந்து, பெஞ்சிலிருந்து, எதிர்ச்சாரி சம்சா அடுப்பு வாசலிலிருந்து. அங்கே ஒருவர் வெறும் வயிற்றோடு வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றார். ரஹ்மான் பாய்க்கே ஒவ்வொருவருக்கும் ஒரு விசில் ஊதினார். சபிரா எஜே பெயரோடு எழுதினார், யாரிடமும் பெயர் கேட்காமலே.

இருபத்தாறில் நூல் தாழ்வாரத்துக்கு வந்து நின்றுவிட்டது. தாழ்வாரத்து ஆறு பேரையும் சேர்த்துத்தான் இருபத்தாறு.

"இருபத்தாறு" என்றார் மாக்சுத் அகாய். "உங்கள் தாளில். என்ன இருக்கிறது. என்பதை. நான் பார்த்தேன்."

பெகாயிம் தாளை எடுக்கவில்லை. "நடுவுல அறுந்திருக்கு" என்றாள். "தாழ்வாரத்துல கடைசியா உக்காந்திருக்கிற தாத்தா, அவர் யாருக்கு அப்புறம்னு கேளுங்க எஜே."

தாத்தாவுக்கு எழுபதுக்கு இரண்டு வயது குறைவு, காது மட்டும் மந்தம். எஜே காதருகே கத்தினார். "நானா? ஒரு டிரைவர் பையனுக்கு அப்புறம். கறுப்பு வண்டி."

கறுப்பு வண்டி மாக்சுத் அகாயுடையது. அதன் டிரைவர் குபான் வாசல்படியில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"நீ. எதற்கு. வரிசையில்?"

"உங்க மாமியாருக்கு அகாய். இடம் பிடிச்சு வைக்கச் சொன்னாங்க. வீட்ல தூங்குறாங்க, முறை வந்தா போன் பண்ணணும்." குரலைத் தாழ்த்தினான், ஆனாலும் முற்றம் வரை கேட்டது. "மருமகன் பேரைச் சொல்லி முன்னாடி போக மாட்டாங்களாம். கௌரவமாம்."

முற்றம் முழுக்கச் சிரிப்பு உருண்டது. மாக்சுத் அகாயின் மீசை மட்டும் சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டது. குபானிலிருந்து நூல் மறுபடி ஓடத் தொடங்கியது. அவனுக்கு முன்னால் ஓர் அம்மா, அம்மாவுக்கு முன்னால் அவள் மகள், அதற்கு முன்னால் தபால்காரத் தம்பதி, பாட்டரி மாற்றப் போயிருந்த ஒருவர். முப்பத்திரண்டில் முடிந்தது.

"ஒண்ணு அதிகம்" என்றார் அகாய், தாளைத் திருப்பிப் பார்த்து.

"சரியா முப்பத்தொண்ணே வந்திருந்தா எனக்கே சந்தேகம் வந்திருக்கும்" என்றாள் பெகாயிம்.

அவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். முற்றத்தில் இருந்தவர்கள், ஊசி உண்டா இல்லையா என்று இன்னும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு உத்தரவில் 'பிசியோதெரபி' என்பதை அடித்துவிட்டு மேலே 'ரத்தம்' என்று எழுதினார்.

நிலையத்துக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் அந்த அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. "முதலில் தவறாகச் சொன்னார்கள். பிறகு, யாரும் கேட்காமலே, தவறு என்று சொன்னார்கள். பிறகு சரியாகச் சொன்னார்கள். மூன்றையும் பரிந்துரைக்கிறேன்." இதைப் புகாராக எடுத்துக்கொள்வதா, பாராட்டாகவா என்று நிலையத்தில் இரண்டு நாள் விவாதம் நடந்ததாகக் கேள்வி. முடிவில் போக்குவரத்துச் சின்னங்கள் கீழ்மாடிக்குப் போயின.

இலையுதிர் காலத்தில் பதினான்கு பேர் சேர்ந்தார்கள், குபானும் ஒருவன். எலும்பு உருட்டும் பாடத்தை இப்போது ரஹ்மான் பாய்க்கே வந்து நடத்திக் கொடுக்கிறார். "நாலுக்கும் இருபத்தஞ்சு இருபத்தஞ்சுன்னு நினைக்கிறியா? உருட்டு மகனே, உருட்டு!" என்று பிறந்ததிலிருந்தே அது தெரிந்தவர் மாதிரி.

நவம்பரில் பெகாயிம் ரத்தப் பரிசோதனைக்குப் போனாள். வெறும் வயிறு, கையில் படிக்க ஒரு புத்தகம். தாழ்வாரத்தில் நுழைந்து வழக்கம் போலக் கேட்டாள்: "யார் கடைசி?"

பதில் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பி முற்றத்தையும் பார்த்தாள். கார்கள் காலி. இரண்டு நர்ஸ்களின் அறைக் கதவுகளும் திறந்திருந்தன.

"நீதான் கடைசி, நீதான் முதல்" என்றது பதிவு ஜன்னலுக்குள்ளிருந்து சபிரா எஜேயின் குரல். "என்ன மகளே, முழிக்கிறே? உள்ள போ. இல்ல, முதல்ல பத்தாயிரம் தடவை ஓட்டிப் பாக்கணுமா?"